மூன்று பெட்டி, அப்புறம் நாலாவது: ஒரு கிளியரிங் ஆபீஸின் செஃப் கிளஸ்டர்

எங்கள் ஆபீஸில் காலை 9.40 மணிதான் சோதனை நேரம். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் முப்பத்தெட்டு பேரும் ஒன்றாக லாகின் செய்வார்கள். முன்பெல்லாம் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு நேராக டீக்கடைக்குப் போய்விடுவார்கள். குடித்துவிட்டுத் திரும்பினாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். "என்னம்மா, உன் சர்வர் இன்னும் பல்லே விளக்கலையா?" என்று டாகுமெண்டேஷன் பெரியவர் தினமும் கேட்பார். ஒன்பது மாதமாக அந்தக் கேள்வி இல்லை. இப்போது அவருக்கு வேறு குறை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தம்புச் செட்டித் தெருப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் சிஸ்டம்ஸ் பார்க்கிறேன். வீடு காசிமேடு. சிஸ்டம்ஸ் என்றால் பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் மாற்றுவதிலிருந்து சர்வர் வரை எல்லாமே நானும் ஒரு தம்பியும்தான். எங்களை மாதிரி ஆள் பலம் உள்ள இடத்தில் ப்ராக்ஸ்மாக்ஸும் (ஒரு சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை மென்பொருளாகவே ஓட்டுவது), அதற்குள்ளேயே கிடைக்கும் செஃப் ஸ்டோரேஜும் (பல சர்வர்களின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டுவது) எப்படி நடந்துகொண்டன என்பதை எழுதுகிறேன். இரண்டு மென்பொருளும் ஓப்பன் சோர்ஸ். காசு முக்கியமாகப் போவது அவற்றை ஓட்டுகிற இரும்புக்கு, அதாவது சர்வர் பெட்டிகளுக்குத்தான்.

வெர்ச்சுவல் டெஸ்க்டாப், அதாவது சர்வரில் ஓடி நம் மேஜையில் திரை மட்டும் தெரிகிற கம்ப்யூட்டர், எங்களுக்கு எதற்கு? ஆட்களில் பாதிப் பேர் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. காலையில் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், மதியம் மாதவரத்திலோ மணலியிலோ ஒரு சிஎஃப்எஸ் (கண்டெய்னர் சரக்கு நிலையம்), சாயங்காலம் ஆபீஸ். எங்கே உட்கார்ந்தாலும் அதே திரை, அதே ஃபைல் வேண்டும். அப்புறம் 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். தரையில் வைத்திருந்த ஏழு சிபியு பெட்டிகளைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தோம். அதில் இரண்டுதான் பிழைத்தன. ஒருவருடைய பாதி வருஷ வேலை அதோடு போயிற்று, ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே சேர்த்து வைக்கிற ஆள்.

கடைசித் தள்ளு மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாள் என்றார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். எங்கள் பிசிக்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. எல்லாவற்றையும் மாற்றுவதா, அல்லது பழைய பிசியில் லினக்ஸைப் போட்டு வெறும் திரையாக வைத்துக்கொண்டு விண்டோஸ் 11-ஐ சர்வரில் ஓட்டுவதா? ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் மென்பொருளாலேயே ஒரு டிபிஎம் கொடுக்க முடியும். இரண்டாவது வழியைப் பிடித்தோம். ஒரு எச்சரிக்கை: பெட்டி பழையதுதானே, விண்டோஸ் சர்வரில்தானே ஓடுகிறது என்று லைசென்ஸை மறந்துவிடாதீர்கள். இப்படிப் பயன்படுத்த மைக்ரோசாஃப்டின் விடிஏ அல்லது சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற தனி லைசென்ஸ் வேண்டும். எங்கள் பட்ஜெட்டின் முதல் வரியே அதுதான்.

பழைய ஏற்பாட்டில் பன்னிரண்டு டெஸ்க்டாப்பை மட்டும் ஒத்திகைக்கு ஓட்டியிருந்தோம். ஒரு சர்வர், நாலு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டுகிற ஸ்டோரேஜ்), நடுவில் ஒரு கிகாபிட் வயர். அங்கேதான் பாடம் கிடைத்தது. 7200 சுற்று ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு எண்பது, நூறு தடவைதான் தலையை நகர்த்தி எடுத்துக் கொடுக்கும். நாலு டிஸ்க் என்றால் நானூறு. அதையும் ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி டிஸ்குகளைச் சேர்க்கும் முறை) போட்டால், சின்னதாக எதை எழுதினாலும் ஒவ்வொன்றுக்கும் நாலு வேலை. அமைதியாக ஓடுகிற விண்டோஸ் டெஸ்க்டாப் ஒன்றுக்கு நொடிக்குப் பத்து என்று தோராயமாகக் கணக்கு வைப்பார்கள், அதிலும் பெரும்பகுதி டிஸ்கில் எழுதுகிற வேலைதான். காலை லாகினில் அது பல மடங்கு எகிறும். பன்னிரண்டுக்கே மூச்சு முட்டியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டிபி எத்தனை என்று கேட்டுத்தான் எல்லோரும் ஸ்டோரேஜ் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கியிருந்தேன்.

மாற்று என்னென்ன பார்த்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஎம்வேர் (ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரியே ஒன்று, காசு கொடுத்து வாங்குவது): 2023 நவம்பரில் பிராட்காம் கைக்குப் போனது, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா மட்டும் என்றார்கள். எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகவில்லை. செஃப் மாதிரியே பெட்டிகளின் டிஸ்குகளைச் சேர்க்கிற மைக்ரோசாஃப்டின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டுக்கு விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் பதிப்பு வேண்டும். பெரிய நாஸ் ஒன்று வாங்கலாம், வேகம்கூடக் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு பெட்டி படுத்தால் முப்பத்தெட்டு பேரும் டீக்கடையில்தான். இரண்டு வருஷம் கழித்து ஆள் கூடினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் பெரியது வாங்க வேண்டும். எங்களுக்கோ கொஞ்சமாக ஆரம்பித்து, ஆள் சேரச் சேரப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்துக்கொண்டே போக வேண்டும். செஃப் அதற்கென்றே பிறந்தது.

செஃப் என்றால் சமையல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். செஃபலோபாட் என்ற கடல் பிராணி இனத்தின் பெயரிலிருந்து வந்தது: ஆக்டோபஸ், கணவாய், கடம்பா எல்லாம் சேர்ந்த குடும்பம். கலிஃபோர்னியாவில் சேஜ் வெயில் என்பவரின் பிஎச்டி வேலையாகத் தொடங்கியது. ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தக் குடும்பத்தோடு ஒட்டிய பெயர்தான் வைக்கிறார்கள். நாங்கள் ஓட்டுவது 19-ஆம் பதிப்பு, பெயர் ஸ்குவிட். காசிமேட்டுக்காரிக்கு அது கடம்பா. வீட்டில் சொன்னேன், "கடம்பா கிலோ என்ன விலைன்னு பார்த்தியா?" என்று அம்மா கேட்டார்.

அது வேலை செய்கிற விதத்தை முதலாளியிடம் நான் எங்கள் தொழில் வழியாகவே சொன்னேன். காகிதக் காலத்தில் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் போடும் படிவம்) ஒரிஜினல், டூப்ளிகேட், ட்ரிப்ளிகேட் என்று போடுவோம் இல்லையா? செஃப் எந்தத் தகவலையும் அப்படி மூன்று நகல் போட்டு மூன்று தனித்தனிப் பெட்டியில் வைக்கும். மூன்றிலும் எழுதி முடித்த பிறகுதான் "எழுதிவிட்டேன்" என்று டெஸ்க்டாப்புக்குப் பதில் சொல்லும். ஒரு பெட்டி போனால் மீதி இரண்டு நகலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். ஒன்றுதான் மிச்சம் என்றால் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்திவிடும், வீம்புக்கு ஓட்டாது. எந்த நகல் எங்கே இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பேரேடு கிடையாது. கண்டெய்னர் நம்பரைச் சொன்னதும் எந்த பிளாக், எந்த வரிசை என்று மனசிலேயே கணக்குப் போட்டுக் கை காட்டுவார்களே யார்டு ஆட்கள், அப்படி ஒரு கணக்கு. அதற்கு கிரஷ் என்று பெயர். பெட்டி கூடினால் கணக்கு மாறும், அதற்கேற்பத் தகவல் தானாக இடம் மாறிக்கொள்ளும்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூணு வாங்கி ஒண்ணோட இடம்தான் கிடைக்குமா? கணக்கைச் சரியாப் போட்டியாம்மா?"

சரியாகத்தான் போட்டிருந்தேன். "ரெண்டு நகல் போதாதா?" என்று அடுத்துக் கேட்பார் என்பதும் தெரியும். போதாது சார், ஒரு பெட்டியை அப்டேட்டுக்கு நிறுத்தியிருக்கும்போது மற்றதில் ஒரு டிஸ்க் போனால் கையில் ஒன்றுமில்லை. இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இரும்பு விஷயத்தில் பேரம் பேசலாம். புது சர்வர் ஒன்றின் விலைக்குக் கிட்டத்தட்ட மூன்று பழைய சர்வர்களைத் துடைத்து, வாரண்டியோடு தருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம்: பத்து டிஸ்க் பே (டிஸ்க் சொருகுகிற இடம்) உள்ள 1யூ பெட்டி (ரேக்கில் ஒரு தட்டு உயரம்) மூன்று, ஒவ்வொன்றிலும் 256 ஜிபி ராம். பார்த்து வாங்க வேண்டியது ரெய்டு கார்டை. செஃபுக்கும் டிஸ்குக்கும் நடுவில் ரெய்டு கார்டு மூக்கை நுழைக்கக் கூடாது. டிஸ்கை அப்படியே காட்டுகிற எச்பிஏ கார்டுதான் வேண்டும்.

ராம் கணக்கு எளிது. ஒரு டெஸ்க்டாப்புக்கு 8 ஜிபி, முப்பத்தெட்டுக்கு 304. ஒரு பெட்டி விழுந்தாலும் இரண்டு பெட்டி மொத்தப் பாரத்தையும் சுமக்க வேண்டும், ஆகவே ஆளுக்கு 152. செஃபில் ஒவ்வொரு டிஸ்கையும் ஓஎஸ்டி என்ற ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்ளும், அது தலைக்கு 4 ஜிபி எடுக்கும். நாலு டிஸ்குக்கு 16. ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் ஃபைல் சர்வருக்கும் கொஞ்சம். 192-இல் இறுக்கிப் பிடித்து நுழைத்திருக்கலாம். இறுக்கவில்லை. சிபியு எங்களுக்கு ஒரு நாளும் பிரச்சினை ஆகவில்லை, விட்டுவிடுகிறேன்.

இப்போது என் முட்டாள்தனம். எஸ்எஸ்டி.

சர்வர்களோடு டிஸ்க் விலையும் கேட்டபோது, கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியைக் காட்டினார். கேமிங் பிசிக்குப் போடுகிற வகை. "மேடம், இது சர்வர் டிஸ்கைவிட ஸ்பீடு. பாதி விலை." அட்டையில் போட்டிருந்த வேகமும் உண்மையிலேயே அதிகம். ஒரு பெட்டிக்கு நாலு, மூன்று பெட்டிக்குப் பன்னிரண்டு வாங்கினேன். கிளஸ்டர் (மூன்று பெட்டியும் சேர்ந்த கூட்டு) எழுந்தது, திரையில் எல்லாம் பச்சை. எனக்கும் தம்பிக்கும் ஒரே பூரிப்பு. முதல் ஐந்து டெஸ்க்டாப்பை ஏற்றினோம், நன்றாகவே ஓடியது. இருபதாவது ஏறியதும் எக்செல் திறக்க முப்பது நொடி. டிஸ்க் வேலை எவ்வளவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. நெட்வொர்க்கும் சும்மா கிடக்கிறது. "அக்கா, பழைய நாஸே பரவாயில்ல போல" என்றான் தம்பி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ஒரு டிஸ்கை மட்டும் கழற்றி எஃப்ஐஓ என்ற கருவியால் அடித்துப் பார்த்தேன். 4 கேபி 4 கேபியாக எழுத வேண்டும், ஒவ்வொன்றும் டிஸ்கில் நிஜமாகப் பதிந்ததா என்று உறுதி கேட்டுவிட்டு அடுத்தது. அட்டையில் லட்சக்கணக்கில் போட்டிருந்தது, கையில் வந்தது நொடிக்குச் சில நூறு. காரணம் இதுதான். சாதாரண எஸ்எஸ்டி எழுத வந்ததை முதலில் தன் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆனதாகச் சொல்லிவிட்டு மெதுவாகப் பதிக்கும். செஃப் அந்தப் பேச்சை நம்பாது, கரண்ட் போனாலும் இருக்குமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். அப்போது அந்த டிஸ்க் ஒவ்வொன்றையும் ஃபிளாஷில் எழுதி முடித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சர்வர் எஸ்எஸ்டியில் போர்டின் மேலேயே வரிசையாகச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனால் ராமில் இருப்பதைப் பதித்து முடிக்கிற அளவுக்கு அவை மின்சாரம் வைத்திருக்கும். அதனால் தைரியமாக உடனே "பதிந்தது" என்று சொல்ல முடியும். பவர் லாஸ் புரொடெக்ஷன் என்று ஸ்பெக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் மீதிப் பாதி விலை. மாற்றிய டிஸ்கில் அதே சோதனையை ஓட்டினேன், பல்லாயிரத்தில் வந்தது.

கடைக்காரர் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பன்னிரண்டும் இப்போது ஆபீஸ் லேப்டாப்களில் இருக்கின்றன. அங்கே அவை பறக்கின்றன, அது வேறு.

டிஸ்க் மாற்றியபோது ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூன்று பெட்டியில் தொடங்குகிற எல்லோரும் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெட்டிக்கு 1.92 டிபி இரண்டா, 960 ஜிபி நாலா? மொத்தம் இரண்டிலும் 11.52 டிபிதான். மூன்று நகலால் வகுத்தால் 3.84 டிபி. விலையும் பெரிதாக வித்தியாசம் இல்லை. கடையில் இரண்டு டிஸ்கே நல்லது, பே மிச்சமாகும் என்பார்கள். ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று நகலும் மூன்று வெவ்வேறு பெட்டியில்தான் இருக்க வேண்டும், இருப்பதே மூன்று பெட்டி. ஆகவே செத்த டிஸ்கில் இருந்தது முழுவதும் அதே பெட்டியின் மீதி டிஸ்கில்தான் வந்து விழும். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு செஃப் தானாகவே அதை ஆரம்பித்துவிடும். இரண்டே டிஸ்க் என்றால் மிச்சமிருக்கிற ஒன்று இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். 85 சதவீதம் நிரம்பினால் செஃப் எச்சரிக்கும், 95-இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆகவே சாதாரண நாளில் 42 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, அதாவது 1.6 டிபி. நாலு டிஸ்க் என்றால் செத்ததை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். 63 சதவீதம் வரை போகலாம், 2.4 டிபி. அதே காசு, அதே டிபி, முக்கால் டிபிக்கு மேல் கூடுதல் நிம்மதி.

எங்கள் தேவை: டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி வீதம் ஒரு டிபிக்குச் சற்றுக் குறைவு, ஃபைல் சர்வருக்கு 600 ஜிபி. ஆக 1.6. இரண்டு டிஸ்க் வழியில் முதல் நாளே கழுத்து வரை வந்திருக்கும்.

25 ஜிபி எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். விண்டோஸ், ஆபீஸ், பிரவுசர் எல்லாம் போட்ட ஒரே ஒரு மூலப்பிரதியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து லிங்க்டு குளோன் எடுக்கிறோம். எல்லோரும் ஒரே மூலத்தைப் படிப்பார்கள், அவரவர் மாற்றியது மட்டும் தனியாகச் சேரும். இதில் ஒரு ஓட்டை உண்டு. மாதா மாதம் வருகிற விண்டோஸ் அப்டேட்டை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுக்கொள்வதால் குளோன்கள் ஊதிக்கொண்டே போகும். அதோடு, ப்ராக்ஸ்மாக்ஸில் டிஸ்க் சேர்க்கும்போது டிஸ்கார்டு என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால், விண்டோஸ் அழித்த இடம் செஃபுக்குத் திரும்பி வரவே வராது. நான் டிக் செய்யவில்லை. மூன்றாவது மாதம் கோடு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் விழித்தேன். திருத்தி ஒரு டிரிம் (அழித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் கட்டளை) ஓட்டியதும் சர்ரென்று இறங்கியது.

நெட்வொர்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கிகாபிட் வயரில் நொடிக்கு 125 எம்பிதான் போகும், மூன்று நகல் எழுதுகிற போக்குவரத்து அதில் நசுங்கிவிடும். 10 கிகாபிட் குறைந்தபட்சம். மூன்றே பெட்டி என்றால் ஸ்விட்ச் இல்லாமல் ஒன்றை ஒன்றோடு நேராக வயரால் இணைத்துவிடலாம் என்று ஒரு சிக்கன வழி சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் நாலாவது பெட்டி வருகிற அன்று வயரெல்லாம் பிரித்து மறுபடி ஸ்விட்ச் வாங்க வேண்டும். வளர வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலிலேயே ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டிகள் "உயிரோடு இருக்கிறாயா" என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ள கோரோசிங்க் என்று ஒன்று இருக்கிறது. அதை ஸ்டோரேஜ் வயரோடு கலக்காதீர்கள். ஸ்டோரேஜ் வயர் நெரிசலானால் பதில் தாமதமாகும், பக்கத்துப் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்து நன்றாக இருக்கிற பெட்டி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அதற்கு ஒரு பழைய 1 கிகாபிட் ஸ்விட்ச் போதும், எங்களிடம் அலமாரியில் கிடந்தது.

ரேக்கை இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிட்டோம், மிக்ஜாமுக்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை. கடல் பக்கம் என்பதால் ஜன்னலை அடைத்து ஏசி போட்டாயிற்று. உப்புக் காற்று பித்தளையையே பச்சையாக்குகிற ஊர், போர்ட் முனை எம்மாத்திரம்.

எல்லாம் நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பியை ஒரு டெஸ்க்டாப்பில் டைப் அடிக்கச் சொல்லிவிட்டு மூன்றாவது பெட்டியின் இரண்டு பவர் வயரையும் பிடுங்கினேன். அவன் டெஸ்க்டாப் முதல் பெட்டியில் ஓடியது. எழுத்து அப்படியே நின்றது. "அக்கா, செத்துடுச்சு." மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், இருபத்தைந்து வருவதற்குள் மறுபடி எழுத்து ஓடியது. பக்கத்து டிஸ்குகள் போய்விட்டதாக முடிவு கட்ட செஃப் எடுத்துக்கொள்கிற நேரம் அது. மூன்றாவது பெட்டியில் ஓடிய டெஸ்க்டாப்கள் இரண்டு நிமிஷம் கழித்து மற்ற இரண்டில் தானாக எழுந்தன. எழுந்தன என்றால் ரீஸ்டார்ட் ஆகித்தான், சேவ் செய்யாதது போனது போனதுதான். இதை முன்கூட்டியே ஆபீஸில் சொல்லி வையுங்கள். வயரைத் திரும்பக் குத்தியதும் விட்டுப்போனதை மட்டும் எழுதிச் சரிசெய்துகொண்டு கால் மணி நேரத்தில் பச்சைக்கு வந்தது.

மூன்று பெட்டியில் செஃப் ஓடும், ஆனால் ஒரு பெட்டி விழுவதற்கு மேல் தாங்காது. ஒன்று விழுந்தபின் மூன்றாவது நகல் போட இடமே கிடையாது, விழுந்தது எழும் வரை இரண்டு நகலோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இது தெரிந்துதான் நாலாவதற்கு ரேக்கில் இடம் விட்டிருந்தேன். மணலிப் பக்கம் புதிதாக பதினாலு பேர் சேர்ந்ததும் வாங்கினோம். அதே மாதிரி பெட்டி, அதே நாலு டிஸ்க். மதியச் சாப்பாட்டுக்கு முன் ரேக்கில் ஏற்றி, கிளஸ்டரில் சேர்த்து, டிஸ்குகளை ஒவ்வொன்றாக ஓஎஸ்டி ஆக்கினோம். கால்வாசித் தகவல் தானாகப் புதுப் பெட்டிக்கு நகர ஆரம்பித்தது. திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது, ஆபீஸில் ஐம்பத்திரண்டு பேரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போன் வரவில்லை. எனக்கு இந்த ஒரு மதியத்துக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது. இப்போது கையில் 5.12 டிபி. 3.2-க்குள் வைத்திருந்தால் ஒரு பெட்டி முழுதாகப் போனாலும் மீதி மூன்றில் மூன்று நகலும் முழுமையாகிவிடும். ஒரு விஷயம் மட்டும்: நாலு பெட்டி இருக்கிறதே, இரண்டு விழுந்தாலும் ஓடும் என்று நினைக்காதீர்கள். கோரத்துக்கு (கிளஸ்டர் முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) நாலில் மூன்று வேண்டும். இரண்டு பெட்டி ஒன்றன்பின் ஒன்றாக விழுவதைத் தாங்க ஐந்தாவது வேண்டும், அதற்குச் சேர்த்து செஃப் மானிட்டர்களையும் (திரை அல்ல, கிளஸ்டரின் நிலையைக் கவனிக்கிற புரோகிராம்) ஐந்தாக்க வேண்டும்.

குறைகள். யாருக்கு எந்த டெஸ்க்டாப் என்று பிரித்துக் கொடுக்கிற புரோக்கர் ப்ராக்ஸ்மாக்ஸில் கிடையாது. அப்பாச்சி குவாக்கமோலி மாதிரி வேறொன்றை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்தா கட்டாதவர்களுக்கு லாகின் செய்யும்போதெல்லாம் ஒரு நினைவூட்டல் பெட்டி எட்டிப் பார்க்கும். நாங்கள் முதலில் கட்டவில்லை, இப்போது கட்டுகிறோம், சிபியு சாக்கெட் கணக்கில் வருஷத்துக்கு. செஃப் எச்சரிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. மஞ்சள் வந்தாலே பதற்றப்பட்டு எதையாவது அழுத்துகிற ஆளிடம் இதைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான மஞ்சளுக்கு மருந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான்.

பெரியவரின் குறை டிஎஸ்சி டோக்கன். ஐஸ்கேட்டில் (கஸ்டம்ஸின் இணையதளம்) பில்லை ஏற்ற டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அது ஒரு யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. எல்லா டோக்கனையும் சர்வரின் பின்பக்கமே குத்திவிடலாம், தொலையாது என்று நான் புத்திசாலித்தனமாக யோசித்தேன். ஆர்டிபி (தூரத்திலிருந்து விண்டோஸ் திரையைத் திறக்கும் வசதி) வழியாக நுழைந்த டெஸ்க்டாப்புக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஆர்டிபி, உட்கார்ந்திருக்கிறவரின் பெட்டியில் குத்திய டோக்கனைத்தான் பார்க்கும். அது தெரிவதற்குள் ஒரு மதியம் போனது. கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் பில் போடாவிட்டால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் 10,000. பெரியவர் என் தலைக்கு மேல் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிரவுசர் வழியாக வருகிற குவாக்கமோலியில் டோக்கன் வேலைக்காகாது, ஆகவே கையெழுத்துப் போடுகிற ஆறு பேருக்கு மட்டும் நேரடி ஆர்டிபி. டோக்கனைத் தன் மேஜைப் பெட்டியிலேயே குத்த வேண்டும் என்பதில் அவருக்கு இன்னும் கோபம். குனிய முடியவில்லையாம். போன வாரம் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக் கொடுத்தேன்.

இன்னொன்று, மூன்று நகல் இருக்கிறது என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். ரான்சம்வேர் வந்தால் மூன்று நகலையும் ஒரே அழகில் பூட்டிவிட்டுப் போகும். மாதவரத்தில் ஒரு தனிப் பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஓடுகிறது, இரவு இரவு மாறியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மாதம் ஒரு டெஸ்க்டாப்பைத் திரும்ப எழுப்பிப் பார்க்கிறோம்.

பதினைந்து சீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. இரண்டு சர்வர், இசட்எஃப்எஸ் (அந்தந்த சர்வரின் டிஸ்குகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் முறை), ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இருக்கிற ரெப்ளிகேஷன், கோரத்துக்கு மூன்றாவதாக ஒரு குட்டிப் பெட்டி. சொல்லாமல் விட்டால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மற்ற பெட்டிக்குப் பிரதி போகும், வேண்டுமானால் ஒரு நிமிஷம் வரை குறைக்கலாம். அந்த இடைவெளியில் செய்த வேலை போனாலும் பரவாயில்லை என்றால் அதுவே போதும். முப்பதைத் தாண்டுகிறீர்கள், இன்னும் வளரப்போகிறீர்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆளாவது இருக்கிறார் என்றால் செஃபுக்கு வாருங்கள். இன்னொரு தடவை வாங்கினால் நான் மாற்றுவது நெட்வொர்க் கார்டை மட்டும்தான், 25 கிகாபிட் எடுப்பேன். ஒவ்வொரு பெட்டியிலும் டிஸ்க் பே இன்னும் காலியாக இருக்கிறது, இரண்டைக் கணக்கு வருஷம் முடிந்ததும் நிரப்புவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

பழைய நாஸ் பெட்டி இப்போது கீழ்த்தளத்து சிசிடிவியைப் பதிவு செய்கிறது. தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஸ்டாண்டு அடித்து வைத்திருக்கிறோம்.